கண்டிப்பா பண்ணலாம்ங்க

பதினோரு வருடமாக நான் செய்யும் வேலையை யாருக்காவது விளக்கி முடிப்பதற்குள் எனக்கே வாய் வலித்துவிடும். கோயம்புத்தூரில் புதிதாகத் தொழில் தொடங்குகிற கம்ப்யூட்டர்க்காரர்கள், கருவி செய்கிறவர்கள், அவர்களுக்குப் பணம் போடுகிறவர்கள், பணம் போடுவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாரையும் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவிநாசி ரோட்டில் ஒரு மாடி ஹாலில் கூட்டிவைப்பேன். சட்டையில் பெயர் போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு, ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் போண்டாவுமாக அவர்கள் ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொள்வார்கள். மீட்டப் என்று பெயர். கல்யாணமே நடக்காத கல்யாண மண்டபம் என்பார் என் வீட்டுக்காரர். எனக்குச் சம்பளம் கொடுப்பது அந்த ஹாலின் சொந்தக்காரர்கள்.

அங்கே புழங்குகிற வார்த்தை ஒன்றுதான். "கண்டிப்பா பண்ணலாம்ங்க." யார் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். "அடுத்த வாரம் ஆபீஸ் பக்கம் வாங்க, பேசலாம்." "எனக்குத் தெரிஞ்சவர்கிட்டச் சொல்லிவைக்கிறேன்." சொன்னவர் லிஃப்டில் இறங்குவதற்குள் மறந்துவிடுவார். கேட்டவருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிடுவார்கள். நானும் ஆளுக்கு ஒன்றாக அந்த வார்த்தையை விநியோகித்துக்கொண்டிருந்தேன். போண்டாவுக்குக்கூட அளவு உண்டு, இதற்குக் கிடையாது.

இந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டியவள் நிரஞ்சனா. எங்கள் கூட்டத்திலேயே வளர்ந்த பெண். ஒரு பெரிய மனிதர் சொன்ன "கண்டிப்பா"வை நம்பி வெளிநாட்டுப் படிப்பை விட்டுவிட்டு மூன்று வருடம் அவர் வாசலில் நின்றவள். மூன்றாவது வருட முடிவில் அவருக்கு இவள் பெயரே ஞாபகமில்லை. அந்தக் கோபத்தில் செய்த கருவிதான் சொல்மானி.

அதை முதலில் எனக்குத்தான் காட்டினாள். தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜ். நடுவில் சின்னத் திரை.

"இதைக் குத்திக்கிட்டு எனக்கு ஏதாவது செய்யறேன்னு சொல்லுங்கக்கா."

"அடுத்த வாரம் உன்ற ஆபீசுக்கு வர்றேன் கண்ணு."

திரையில் 11 என்று வந்தது.

"நூத்துக்குப் பதினொண்ணு. நீங்க வர்றதுக்கு அவ்வளவுதான் வாய்ப்பு."

"நான் பொய் சொல்றேன்னு சொல்லுதா?"

"இல்லக்கா. உங்க மனசுல என்ன இருக்குன்னு இதுக்குத் தெரியாது. இதே மாதிரி வார்த்தையை, இதே மாதிரிக் குரல்ல, நீங்க இதுக்கு முன்னாடி எத்தனை தடவை சொன்னீங்க, எத்தனை தடவை செஞ்சீங்கன்னு மட்டும்தான் பாக்கும்."

"அது எப்படி அதுக்குத் தெரியும்?"

"மூணு வருசமா நம்ம மீட்டப் பேச்செல்லாம் பதிவாகுது. யாரு யாருக்கு அப்புறமா போன் பண்ணாங்க, மெயில் போட்டாங்கங்கிறதும் நம்ம ஆப்ல இருக்கு. எல்லாரும் சம்மதிச்சுத்தான் வந்திருக்காங்க. படிக்காம ஓகே அமுக்கினதும் சம்மதம்தானே."

அவள் ஆபீசுக்கு நான் போகவில்லை. போக வேண்டும் என்றுதான் நினைத்தேன், வேலை வந்துவிட்டது.

ஹால் சொந்தக்காரர்களுக்குக் கருவி பிடித்துப்போயிற்று. அந்த மாதத்திலிருந்து பெயர் பேட்ஜுக்குப் பதில் சொல்மானி. முதல் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "கண்டிப்பா கூப்பிடறேன்" என்று ஒருவர் சொல்ல, அவர் நெஞ்சில் 2 வர, சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் சிரிப்பு குறைந்தது. நான்காவது கூட்டத்துக்குள் எல்லாரும் பேசப் பழகிவிட்டார்கள், அதாவது எதையும் சொல்லாமல் பேச. "நல்லா இருக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பணம் போடுகிறவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். போண்டா மீந்தது.

நல்லதும் நடந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வெறும் பேச்சை நம்பி பெங்களூருக்கும் சென்னைக்கும் அலைந்துகொண்டிருந்த நாலைந்து பேர் அலைச்சலை நிறுத்தினார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்து, "இது போன வருசமே வந்திருந்தா என்ற நகை மிஞ்சியிருக்கும்க்கா" என்றாள். ஆனால் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது எனக்கு மட்டும் துக்க வீட்டுக்குப் போய்வந்த மாதிரி அலுப்பாக இருந்தது.

தெய்வசிகாமணி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் மணி சார். ஐம்பதைத் தாண்டியவர், ஒரு மோட்டார் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்துவிட்டு ஆறு வருடம் முன்னால் வேலையை விட்டவர். தென்னை மரத்துக்குள் கூன்வண்டின் புழு குடைந்துகொண்டே போகும், வெளியே தெரியும்போது மரம் செத்திருக்கும். புழு குடைகிற சத்தத்தை முன்கூட்டியே கேட்டுச் சொல்கிற கருவி ஒன்றை அவர் செய்திருந்தார். மரத்தில் ஒரு ஆணி அடித்து மாட்டினால் போதும். யாரைப் பார்த்தாலும் போனை எடுத்து அந்தச் சத்தத்தைப் போட்டுக்காட்டுவார். யாரோ வாயை மூடிக்கொண்டு அவல் மெல்லுகிற மாதிரி இருக்கும். கருவி வேலை செய்தது. அதில் சந்தேகமே இல்லை. அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு சீசன் முழுக்க மாட்டிப்பார்க்கப் பெரிய தோப்புகள். தோப்பு வைத்திருப்பவர்கள் அவரைத் திண்டாடவிட்டார்கள், யாரென்றே தெரியாத ஆளை எப்படி நம்புவது என்று.

ஆறு வருடமும் ஒரு மீட்டப் தவறாமல் வந்தார். ஒவ்வொரு மாதமும் நாலு பேராவது அவரிடம் "சூப்பர் ஐடியா சார், கண்டிப்பா பண்ணலாம்" என்பார்கள். வீட்டுக்குப் போய் அதைத் தன் சம்சாரம் அம்சவேணியிடம் சொல்வாராம். அம்சவேணி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவர் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது.

சொல்மானி வந்த பிறகு ஐந்தாவது கூட்டம். அந்த வெள்ளிக்கிழமை மணி சார் இஸ்திரி போட்ட சட்டையில், எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், பழைய கம்பெனியில திரும்பக் கூப்பிடறாங்க. திங்கக்கிழமை பதில் சொல்லோணும்."

"போறீங்களா சார்?"

"வூட்டுல ஒரு பேச்சு பேசி வெச்சிருக்கோம்ங்க. இத்தனை நாளா நாலு பேரு சொன்னாங்க, நாலு பேரு சொன்னாங்கன்னு நான் போய்ச் சொல்லுவேன். அவ நம்ப மாட்டா. இப்பத்தான் நம்பரே வருதில்லீங்களா? இன்னைக்கு ஒருத்தராவது பாதிக்கு மேல வந்தா நான் தொடரலாம். இல்லேன்னா வேலைக்குப் போயிடறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

வேண்டாம் சார், இதை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாசலில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், நான் பேட்ஜ் கொடுக்கப் போய்விட்டேன்.

ஒவ்வொரு ஆளாகப் போய்க் கேட்டார். மற்றவர்கள் தலையாட்டித் தப்பிக்கலாம், அவர் விடவில்லை. "செய்வேன்னு வாயால சொல்லுங்க சார், ஒரே ஒரு தடவை" என்று கையைப் பிடித்துக் கேட்டார். சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார்கள். நாலு வந்தது, ஒன்பது வந்தது. பணம் போடுகிறவர் ஒருவர் சொல்ல மறுத்து டீ குடிக்கப் போய்விட்டார். மணி சாரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

நானே அவரிடம் போனேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை விவசாயிகள் சங்கம் ஒன்றின் தலைவர் என் நாத்தனார் வீட்டுக்குச் சொந்தம். இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவே இல்லை, அன்றைக்குத்தான் தோன்றியது.

"சார், சங்கத் தலைவர்கிட்ட நானே நேர்ல போய்ப் பேசறேன். இந்த வாரமே. உங்களுக்குத் தோப்பு வாங்கித் தர்றேன்."

இந்தப் பதினோரு வருடத்தில் அந்த ஹாலில் நின்று நான் மனதாரச் சொன்ன வார்த்தை அது ஒன்றாகத்தான் இருக்கும். மணி சாரின் கண் என் முகத்திலிருந்து மெல்ல இறங்கி என் பேட்ஜில் நின்றது. நானும் பேட்ஜைத் திருப்பிப் பார்த்தேன். 6.

"சார், இது தப்பு. நான் நெசமாத்தான் சொல்றேன்."

"தெரியுமுங்க மேடம்" என்றார். "நீங்க நெசமாத்தான் சொல்றீங்க. எப்பவும் அப்படித்தானுங்களே சொல்லுவீங்க. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல."

டீ டம்ளரைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, பேட்ஜைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஆறாம், ஆறு. மறுநாள் காலையிலேயே பொள்ளாச்சி பஸ் ஏறினேன். தலைவர் உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் வருவாராம். திங்கள் காலையில் மணி சாருக்கு போன் செய்தேன்.

"ரெண்டே ரெண்டு நாள் பொறுங்க சார். கம்பெனில டைம் கேளுங்க."

"சரிங் மேடம், கேக்கறேன்."

அந்தச் சரிக்கு என்ன எண் வந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. புதன்கிழமை மறுபடியும் போனேன். தலைவரோடு சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மணி சாரிடம் வாங்கிவைத்திருந்த நோட்டீஸைக் கொடுத்தேன். அவர் முன்பே எனக்கு அனுப்பியிருந்த புழுச் சத்தத்தைப் போட்டுக்காட்டினேன். கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். மத்தியானம் ஒத்துக்கொண்டார்கள். இந்த சீசனே மாட்டலாம், எல்லாத் தோப்பிலும்.

பஸ் ஸ்டாண்டில் நின்று போனை எடுத்தேன். அவரிடமிருந்தே செய்தி வந்திருந்தது. நேற்றே வேலையில் சேர்ந்துவிட்டாராம். சேரும்போது கம்பெனி விதிப்படி இதுவரை கண்டுபிடித்ததையும் இனிமேல் கண்டுபிடிக்கப்போவதையும் அவர்களுக்கே எழுதிக்கொடுத்தாயிற்றாம், தென்னைக் கருவியும் அதில் சேர்த்தி. அவர்களுக்கு அதில் ஆர்வம் இல்லையாம், பத்திரமாக வைத்துக்கொள்வார்களாம். "இத்தனை வருசம் செய்த உதவிக்கு நன்றி மேடம்" என்று முடித்திருந்தார்.

பஸ் ஏறவில்லை. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கோயம்புத்தூர் வந்து இறங்கியதும் நேராக நிரஞ்சனாவின் ஆபீசுக்குத்தான் போனேன். வருகிறேன் என்று சொன்ன நாளில் போகாத ஆபீஸ். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"உன்ற மெஷின் தப்பு. ஆறுன்னு காட்டுச்சு. நான் சொன்னதைச் செஞ்சுட்டு வந்து நிக்கறேன்."

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சங்கடம்.

"தப்பில்லக்கா. உங்களுக்கு நெசமா வந்தது எண்பத்தி ஒண்ணு."

"என்னது?"

"அன்னைக்கு உங்க குரல் வழக்கம் போல இல்ல. மெஷின் அதைச் சரியாப் பிடிச்சிருக்கு. எண்பத்தி ஒண்ணு. அன்னைக்கு அந்த ஹால்லயே அதான் பெருசு."

"அப்புறம் எதுக்குடி ஆறுன்னு காட்டுச்சு?"

நிரஞ்சனா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"மொதல் ரெண்டு மாசம் உள்ளதை உள்ளபடிதான் காட்டினோம். அதுல ஒண்ணு பார்த்தோம். அதிகமாக் காட்டினா, சொன்னவங்க அதோட விட்டுடறாங்க. நல்ல பேரு கிடைச்சாச்சுல்ல, அப்புறம் எதுக்கு மெனக்கெடறது? ஆனா சில பேருக்குக் கம்மியாக் காட்டினா ரோசம் வந்து செஞ்சு முடிக்கறாங்க. அதனால யாரு ரோசக்காரங்கன்னு பார்த்து அவங்களுக்கு மட்டும் குறைச்சிட்டோம். சொன்னதைச் செய்யறவங்க கணக்கு ரெண்டு மடங்கு ஏறிடுச்சுக்கா. ஹால் ஓனருங்க அதைப் பார்த்துத்தான் இன்னும் மூணு ஊருக்குக் கேட்டிருக்காங்க. உங்களையே பாருங்க. நேரா பொள்ளாச்சி போயிட்டு வந்துட்டீங்க."

அவள் சொன்னது சரிதான். 81 என்று காட்டியிருந்தால் நான் அந்தச் சந்தோஷத்திலேயே பொள்ளாச்சியை மறந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது.

"சரி, சொல்றவங்களை அளந்துட்டீங்க. கேக்கறவங்க?"

"புரியலக்கா."

"எதிர்ல நின்னு அந்த நம்பரைப் பாக்கறவங்க. அதை நம்பி வீட்டுக்குப் போறவங்க. அவங்க என்ன ஆனாங்கன்னு பார்த்தீங்களா?"

அவள் திரையில் மேலும் கீழும் தேடிப் பார்த்தாள். கெட்ட பெண் இல்லை அவள்.

"அதை நாங்க அளக்கலக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மணி சார் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சங்கம் ஒத்துக்கொண்டதை, எண்பத்தி ஒன்றை, அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்பதை. தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. கம்பெனிக்காரர்களிடம் போய்ச் சண்டை போட வேண்டுமானால் நானும் கூடப் போவேன் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கணபதியில் சின்ன வீடு. அம்சவேணி கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் வாசல் கேட்டைச் சாத்திவிட்டு, உள்ளே கூப்பிடாமல் அங்கேயே நின்றார்.

"கறி வாங்கப் போயிருக்காருங்க. அவரு வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிப்போடறேன். சங்கத்துல ஒத்துக்கிட்டதைச் சொல்லத்தானே வந்திருக்கீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்தத் தலைவரு புதன்கிழமையே கூப்பிட்டாருங்க. நோட்டீஸ்ல எங்க வீட்டு நம்பர்தானுங்க இருக்கு. இவரு அதைச் செய்யறதில்லைங்க, வேலைக்குப் போயிட்டாருன்னு நாந்தான் சொல்லிட்டேன்."

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க? அவரு ஆறு வருசம்..."

"அந்த ஆறு வருசத்தையும் நானும்தானுங்க பார்த்தேன்." குரலை உயர்த்தவில்லை, மிகவும் களைத்துப்போன குரல். "உங்க கூட்டத்துக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்குச் சந்தோசமா இருப்பாரு. அப்புறம் போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. யாரும் கூப்பிட மாட்டாங்க. மறுபடியும் வெள்ளிக்கிழமை வரும். எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தாச்சு, இனித் திருப்பி வாங்க முடியாதுங்க, நான் வக்கீலைக் கேட்டுட்டேன். இப்ப போய் அவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னா, மனுசன் தாங்குவாருங்களா? நாலு நாளா நிம்மதியாத் தூங்கறாரு. அந்தத் தூக்கத்தைக் கெடுத்துப்போடாதீங்க."

பதில் சொல்வதற்குள் மணி சாரின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியது. என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "என்ன அம்சா, மேடத்தை வாசல்லயே நிக்க வெச்சிருக்கே" என்று கடிந்துகொண்டே உள்ளே கூட்டிப்போனார். கறிப் பையைச் சம்சாரத்திடம் கொடுத்தார். மின்விசிறியைப் போட்டார். என் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மேடம், நீங்க பொள்ளாச்சிக்குப் போனீங்களா?"

"போனேனுங்க சார்."

அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. நான் போவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சமையலறை வாசலில் அம்சவேணி கையில் பாத்திரத்தோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

என் சேலையில் எந்தக் கருவியும் இல்லை. அவர் என் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். பார்த்தார். அவர் கண்ணில் ஆசை இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது பயம்.

"முடியாதுன்னுட்டாங்க சார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"அப்பாடா" என்றார் மணி சார்.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு சீராக ஏறி இறங்கியது. சமையலறையில் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சரின்னு சொல்லியிருந்தாங்கன்னா நான் செத்தேன் மேடம்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இந்த அஞ்சு நாளும் அந்த பயத்துலயே இருந்தேனுங்க."